அக்காவின் வரிசையில் ஐந்தாம் பாகம்

அக்கா எதையும் நன்றாக இருக்கிறது என்றோ மோசமாக இருக்கிறது என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனையாவது என்றுதான் சொல்வாள். திருவாரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த டீக்கடைகளில் எது முதல், எது கடைசி என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். வந்துபோன ஐயர்மார்களின் பிரசங்கங்களுக்கும் அவளிடம் ஒரு வரிசை இருந்தது. புதிதாக ஒருவர் மாற்றலாகி வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் இடம் முடிவாகிவிடும். அதற்கப்புறம் அந்த மனிதர் தொண்டை கிழியப் பேசினாலும் ஒரு படி ஏற முடியாது.

அவளுடைய அப்பா இறந்த அன்று நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. பெட்டியின் மேல் விழுகிற மாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ரைஸ்மில்காரர் மாலைதான் முதல்ல. சித்தப்பா போட்டது கடைசி" என்றாள். சித்தப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றார். அவருக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவளும் அவள்தான். சொந்தக்காரர்களில் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னிடம் சொன்னாள்: "இந்த வார்டுல உங்கம்மா ரெண்டாவது மோசம்டா. ஜன்னலோரத்துக் கிழவிதான் முதல்ல போகும்." அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. எனக்கு அக்காவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது. மறுநாளும் கஞ்சி வந்தது. அம்மா பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். இன்றைக்கும் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா கஞ்சியைப் பற்றிப் பேசுவாள், நான் அந்த வார்த்தையைப் பற்றிப் பேசுவேன்.

அவள் எனக்கு உறவு ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் வீடியோ கேம் கடை வைத்திருந்தாள், அவ்வளவுதான். எல்லோருக்கும் அக்கா. அவளுடைய அப்பா நெல் தரகர். வீட்டின் முன்னறையில்தான் மூட்டை அடுக்குவார்கள். அவர் போனபிறகு மூட்டைகளைக் காலி செய்துவிட்டு, பெங்களூரில் இருந்த ஒரு மாமா மகன் அனுப்பிய பழைய மெஷின்களை வாங்கி, மூன்று டிவியை வைத்துக் கடையைத் திறந்தாள். எத்தனை முறை பெருக்கினாலும் அந்த அறையில் உமித்தூசி போகாது. கண்ட்ரோலர் பட்டனுக்குள் தூசி இறங்கி, அழுத்தினால் திரையில் உதை விழாது, குத்து விழாது. நடவு நாளில் வருகிற பையன்கள் வாசல் குழாயில் காலைக் கழுவாமல் உள்ளே வர முடியாது. "எத்தனாவது சேறு இது?" என்று அவர்கள் காலைப் பார்த்துக் கேட்பாள்.

நெல் தரகர்கள் ஒரு பிடி நெல்லை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்து, வாயால் ஒரு ஊது ஊதுவார்கள். பதர் பறந்துவிடும். மிச்சமிருப்பதைப் பார்த்து எந்த ரகம் என்று சொல்வார்கள். அக்கா அப்பாவிடமிருந்து அந்த ஊதலை மட்டும் எடுத்துக்கொண்டாள். எதை வரிசை போட்டாலும், கடைசி இடத்துக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்துவாள். உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே வைத்து ஊதுவாள். அதற்கப்புறம்தான் பெயர் வரும்.

கடையில் ஓடியது பெரும்பாலும் ஒரே விளையாட்டுதான். வெவ்வேறு விளையாட்டுகளின் வீரர்களை ஒரே மேடையில் கொண்டுவந்து மோதவிடுகிற சண்டை விளையாட்டு. ஒன்றில் கராத்தே போடுகிறவனும் இன்னொன்றில் பேய் விரட்டுகிறவளும் இங்கே எதிரெதிரே நிற்பார்கள். ஒருவருக்கு மூன்று வீரர்கள். ஏழு பாகம் வந்திருந்தது. வீரர்களின் வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை, நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். குடையால் குத்துகிறவள் குடைக்காரி. வாயிலிருந்து புகை விடுகிறவர் புகைச்சாமி. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து வருகிறவன் எருமை.

அக்கா எப்போதும் குடைக்காரியைத்தான் முதலில் இறக்குவாள். ஆட்டம் தொடங்கியதும் குடைக்காரி இரண்டு முறை உட்கார்ந்து எழுவாள். "ஒண்ணு ஆண்டவருக்கு, ஒண்ணு அப்பாவுக்கு" என்பாள் அக்கா. பிறகு அடி விழ ஆரம்பிக்கும். எதிரே இருக்கிறவன் சின்னப் பையனா, முதல் முறை வந்தவனா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிற வரை அடிப்பாள்.

ஏழு பாகங்களுக்கும் அவள் போட்ட வரிசை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மூன்றாம் பாகம் முதல் இடம். "இதுக்கு மேல எவனும் செய்யப்போறதில்ல" என்பாள். இரண்டாம் பாகம் அடுத்து, மூன்று ஆள் கூட்டணியை முதலில் கொண்டுவந்தது என்பதால். பிறகு முதல் பாகம், அதில் ஆட்கள் குறைவு, ஆனால் அடி ஒவ்வொன்றும் காதில் விழும். நாலாவது இடத்தில் ஆறாம் பாகம். ஐந்தாவது இடத்தில் நாலாம் பாகம், எல்லா முகமும் மெழுகில் செய்து வெயிலில் வைத்த மாதிரி இருக்கும். ஏழாம் பாகத்தில் சண்டையை விடக் கதை அதிகம், "கல்யாண வீடியோ" என்று ஆறாவது இடத்தில் தள்ளினாள். முதல் பாகம்தான் இரண்டாம் பாகத்தை விட மேல் என்று நான் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு படி கூட அசையவில்லை.

கடைசியில் உள்ளங்கையை விரித்து ஊதுவாள். "அஞ்சாவது பாகம். பதர்."

மற்ற பாகங்களில் உன் ஆள் அடிபட்டுத் தளர்ந்தால் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்தவனை அனுப்பலாம். ஐந்தாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மேடையில் நிற்கிறவன் விழுகிற வரை நின்றுதான் ஆகவேண்டும். அவன் விழுந்தபிறகுதான் அடுத்தவன் வருவான். ஆட்டம் மெதுவாக நடக்கும், மேடையில் எப்போது பார்த்தாலும் மழை. "ஒருத்தனையே வச்சுக்கிட்டு யாரு மாரடிக்கிறது" என்பாள்.

விளையாட்டோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கடை திறந்ததும் எங்களுக்கும் வரிசை போடுவாள். அந்த வாரம் யார் எப்படி ஆடினோம், யார் வாய் பேசினோம், யார் சட்டை அழுக்கு, எல்லாம் கணக்கில் சேரும். வாரம் முழுக்க அந்த எண்தான் எங்கள் பெயர். நான் பெரும்பாலும் மூணு. "டேய் மூணு, ஃபேனைப் போடு." கடைசியில் வருகிறவனுக்கு மூலையில் இருந்த சின்ன டிவி. கால் ஒடிந்து செங்கல் முட்டுக் கொடுத்த ஸ்டூல். வாரம் முழுக்க அவன் ஐந்தாம் பாகம் மட்டும்தான் ஆடலாம். கடைசி ஆளுக்குக் கடைசி பாகம் என்பது அந்தக் கடையின் சட்டம். எங்களில் காலேஜ் படித்தவன், கல்யாணம் ஆனவன், பெட்டிக்கடை வைத்திருந்தவன் எல்லாம் இருந்தோம். ஒருவரும் அதை எதிர்த்துப் பேசியதில்லை. மூணு என்று அவள் கூப்பிடும்போது எனக்கு உள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஸ்டூலில் மற்றவர்கள் உட்கார்ந்தது குறைவு. அது எபியின் இடம்.

எபி அவளுடைய ஒரே தம்பி, எபினேசர். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அக்காதான் வளர்த்தாள். அவனுக்காகத்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெருவில் சொல்வார்கள், அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தான். கடையின் வயரிங் முழுக்க அவன் வேலை. தூசி அடைத்த கண்ட்ரோலர்களைப் பிரித்துப் பிரஷ்ஷால் துடைத்து உயிர் கொடுக்கிறவனும் அவன்தான். கெட்டிக்காரன், சாது. எங்களில் யாரைவிடவும் மோசமாக ஆடினான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாரா வாரம் அக்கா உள்ளங்கையை விரித்து ஊதி, "எபி" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவனும் சிரித்துக்கொண்டே போய் ஸ்டூலில் உட்காருவான்.

ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். "அவன் நல்லாத்தானேக்கா ஆடுறான்?"

"அவனைக் கடைசியில வைக்கலன்னா உங்கள்ல ஒருத்தனை வைக்கணும்" என்றாள். "வச்சுக்கவா?"

நான் பெரிய டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து எபிக்கு அந்த ஐந்தாம் பாகம் பிடித்துப்போய்விட்டது. நாங்கள் தண்டனையாக ஆடியதை அவன் ஆசையாக ஆடினான். எருமையை எடுப்பான். ஆள் மாற்ற முடியாத ஆட்டத்தில் மெதுவாக நடக்கிற ஒருவனை வைத்துக்கொண்டு எப்படி அடி வாங்காமல் இருப்பது என்று கண்டுபிடித்தான். பின்னால் நின்று பார்த்தால் தெரியும், எருமை ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் எதிராளி என்ன செய்வான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் யாரும் அந்தப் பாகத்தில் அவனை ஜெயித்தது கிடையாது. அது கணக்கில் சேராது, பதர் ஆயிற்றே.

அவன் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒருமுறையாவது கேட்பான்.

"அக்கா, அஞ்சாவதுல என்கூட ஒரே ஒரு ஆட்டம் உக்காருக்கா."

"மூணாவதுல வா. உரிச்சுத் தொங்கவிடுறேன்."

"அஞ்சாவதுலக்கா."

"பதரைக் கையால தொடமாட்டேன்டா" என்பாள். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். வேறு சட்டை வேண்டும், வண்டி வேண்டும் என்று அவன் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒரு ஆட்டத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தான். தான் எப்படி ஆடுகிறான் என்பதை அவள் எதிரே உட்கார்ந்து ஒருமுறை பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

எபிக்குப் பொறையாறில் பெண் பார்த்தார்கள். டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண். அவளுக்கு இவனைப் பிடித்துவிட்டது, இவனுக்கு அவளைப் பிடித்ததை மறைக்கவே தெரியவில்லை. அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்ணின் அப்பாவும் அத்தையும் மாமாவும் வந்தார்கள். கடைக்கு அன்று லீவு. டிவிகளுக்கு மேலே வேஷ்டி போட்டு மூடியிருந்தோம். காப்பி கொடுக்க நான் இருந்தேன். எபி இஸ்திரி போட்ட சட்டையோடு சுவரோரமாக நின்றான்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர், மரியாதையான மனிதர். இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் கேட்கிறதைத்தான் அவரும் கேட்டார். "தம்பியப் பத்தி நீங்கதாம்மா சொல்லணும். வளத்தவங்க நீங்கதானே."

பதிலுக்கு யாராக இருந்தாலும் என்ன சொல்வார்கள்? தங்கமான பிள்ளை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று சொல்வார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும், தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடிப்பார். அக்கா திருப்பிக் கேட்டாள்: "இதுவரைக்கும் எத்தனை மாப்பிள்ளை பாத்திருக்கீங்க?"

"இவரோட சேத்து நாலும்மா."

"அப்ப நாலாவதுன்னு வச்சுக்கங்க" என்றாள் அக்கா. "அதுக்கு மேல இவன் போகமாட்டான்." உள்ளங்கையை விரித்து ஊதினாள்.

அவர் முதலில் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. அத்தைக்காரி காப்பி டம்ளரைத் தரையில் வைத்தாள். மேலே படிக்கவேண்டும் என்று பெண் சொல்கிறாள் என்று இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது.

தம்பியைப் பிரிய மனமில்லாமல் அப்படிச் சொல்லிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படி இருந்திருந்தால் கூட நான் மன்னித்திருப்பேன். அன்று அவள் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு முடித்த திருப்தியைத் தவிர அந்த முகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

அன்று அவர்கள் கிளம்பிப் போனதுமே எபி மூலையில் இருந்த டிவியின் மேலிருந்து வேஷ்டியை எடுத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்தாம் பாகத்தைப் போட்டான். இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்து அக்காவைப் பார்த்து நீட்டினான்.

"இன்னைக்காவது உக்காருக்கா."

அவள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவங்க முன்னால கேலியா போச்சுன்னு வருத்தமா? பொண்ணு வேற பாத்துக்கலாம்" என்றாள். "அதுக்குன்னு பதரைத் தொடச் சொல்லாத."

எபி கண்ட்ரோலரைக் கீழே வைத்தான். டிவியை அணைத்தான். வயரைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடினான். இவ்வளவும் மெதுவாகச் செய்தான், எருமை நடக்கிற மாதிரி. சம்பா அறுப்பு முடிவதற்குள் மஸ்கட்டுக்குப் போய்விட்டான். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். அக்கா வாசல் வரைகூட வரவில்லை. "வெளிநாடு போனவங்கள்ல எத்தனாவதா வர்றான்னு பாப்போம்" என்று உள்ளேயிருந்து சொன்னாள். அவன் அதன்பிறகு வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு வாழ்த்து அனுப்புவான். அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை.

செல்போன் வந்து கடையைச் சாப்பிட்டுவிட்டது. அவள் இரண்டு டிவியை விற்றாள். நான் சென்னைக்கு வேலைக்குப் போய், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருகிறவன் ஆனேன். வரும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். "வா மூணு" என்பாள். இந்த வயதிலும் அது எனக்கு இனிப்பாக இருந்தது என்பதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

போன பொங்கலுக்கு முன்னால் அந்த ஏழு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாக வெளியிட்டார்கள். இன்டர்நெட் வழியாக யாரோடும் ஆடலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் உலகம் முழுக்க ஆடுகிறவர்களுக்கு இடம் கொடுத்து ஒரு பட்டியல் ஓடும், ஆடாமல் விட்டால் வாரா வாரம் இடம் தானாக இறங்கும். சென்னையில் நான் வாங்கி வைத்திருந்த மெஷினைப் பையில் போட்டு ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் மறுபடி ஆடி, புதிதாக வரிசை போடுவது என்று பேச்சு. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. "காலைல சீக்கிரம் வா" என்றாள். நான் போனபோது சேலைத் தலைப்பால் டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஆடிப் பார்த்தால் பல விஷயம் புரிகிறது. முதல் பாகம் நான் சொன்னதைவிடவும் நன்றாக இருந்தது. நாலாம் பாகத்தின் மெழுகு முகங்கள் இப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. மூன்றாம் பாகம்தான் கைவிட்டது. அதில் குடைக்காரிக்கு ஒரு தாவல் உண்டு, அதை யாராலும் தடுக்க முடியாது. செய்தவர்களே கவனிக்காமல் விட்ட ஓட்டை. அதை வைத்துக்கொண்டு ஐந்து வயதுக் குழந்தைகூட ஜெயிக்கலாம். அக்கா வருஷக்கணக்கில் எங்களை அழவைத்தது அந்த ஒரு தாவலால்தான், குடைக்காரியை எங்களில் யாரையும் தொடவிடாததும் அதனால்தான். நான் இதைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அதான் முதல்ல வச்சேன்."

ஐந்தாம் பாகத்தைப் போட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். கண்ட்ரோலரைக் கையில் வாங்கிக்கொண்டு, திரையில் பெய்த மழையைப் பார்த்தாள்.

"இதுல உதைக்கிற பட்டன் எது?" என்றாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "நீங்க இதை ஆடினதே இல்லையாக்கா?"

"எதுக்கு ஆடணும்? ஒண்ணு கடைசியில இருந்தாகணும்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்தாம் பாகத்தின் பட்டியலைத் திறந்து காட்டினேன். முதல் இடத்தில் ஆங்கில எழுத்தில் எபி திருவாரூர் என்று இருந்தது. அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எத்தனை பேர் ஆடுறாங்க?"

"நானூறு, ஐந்நூறு பேர் இருப்பாங்க."

"அவ்வளவுதானா" என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது, அவன் மெஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். என் பெயரில் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன், உடனே வந்தான். மூன்று ஆட்டம், மூன்றிலும் எருமை என்னைச் சுருட்டி எறிந்தது. அக்கா எருமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது ஆட்டத்துக்குக் கையை நீட்டினாள். கண்ட்ரோலரைக் கொடுத்தேன்.

குடைக்காரியை எடுத்தாள். ஆட்டம் தொடங்கியது. குடைக்காரி இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள்.

முன்னால் வந்துகொண்டிருந்த எருமை அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் நிக்கிறான்?" என்றாள்.

"தெரியலக்கா." எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மழை பெய்துகொண்டிருந்தது. எருமை அசையவில்லை. அக்காவும் எதையும் அழுத்தவில்லை. "வாடா" என்றாள் திரையைப் பார்த்து. "ஆடு. அதைத்தானே கேட்ட." எருமை நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை. அடித்தாள். எருமை தடுக்கவில்லை, பின்வாங்கவில்லை. அந்தப் பாகத்தில் ஆளை மாற்றவும் முடியாது, அது விழுகிற வரை அடிக்கவேண்டியிருந்தது, அடித்தாள். இரண்டாவது ஆள் வந்தான். அவனும் நின்றான். அவனையும் அடித்து முடித்தாள். மூன்றாவது ஆள் வரவில்லை. எதிராளி வெளியேறிவிட்டார், வெற்றி உங்களுக்கு என்று திரையில் வந்தது.

அக்கா வழக்கம்போல உள்ளங்கையை விரித்துவிட்டாள். விரித்த கையைப் பார்த்தாள். ஊதவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. "இன்னொரு தடவை." பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது. புதிய வரிசையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. நான் கிளம்பும்போது, "மெஷினை வச்சுட்டுப் போ மூணு" என்றாள். அவள் தனக்கென்று என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை, மறுக்க வரவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சென்னைக்கு வந்தபிறகு என் போனில் தினமும் செய்தி வரும். என் பெயரில் ஐந்தாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று. காலையில் பார்த்தாலும் அதே செய்தி, சாயங்காலம் பார்த்தாலும் அதே செய்தி. வருகிறவன் போகிறவனோடெல்லாம் ஆடிக்கொண்டு எபிக்காகக் காத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் டிவியை விட்டு எழுந்திருப்பதே இல்லை என்று அம்மா சொன்னாள். எபி பச்சைப் புள்ளியோடு வரவே இல்லை. பட்டியலில் அவன் பெயர் வாரா வாரம் இறங்கியது.

பங்குனியில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கிறிஸ்துமஸ் இல்லாத நாளில் அவன் எழுதியது அதுதான் முதல் முறை. "அந்த மெஷினைத் திருப்பி வாங்கிடுடா. புள்ளியை அணைச்சுட்டு எப்ப உள்ள வந்து பாத்தாலும் உன் பேர்ல அக்கா உக்காந்திருக்கு. வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்."

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். அவள் பேசவிட்டால்தானே.

"மூணு, நான் இப்ப பன்னெண்டாவது" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. "அவன் இறங்கிக்கிட்டே வர்றான், பாத்தியா? நேத்து ஒம்பது. இன்னும் ரெண்டு வாரத்துல என் பக்கத்துல வந்துருவான். அப்புறம் எங்க போயிடுவான்?"

"அக்கா, அவன்" என்று ஆரம்பித்தேன்.

"இரு, ஆளு வந்துட்டான்" என்றாள். போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. குடைக்காரி யாரையோ அடிக்கத் தொடங்கினாள்.